கடன்படாத முகம்

எங்கள் பாடசாலை அலுவலகத்தின் அறிவித்தற் பலகையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக ஒரு புகைப்படம் குத்தப்பட்டிருந்தது. வன்னிப் பெருநிலப்பரப்பின் எத்தனையோ பாடசாலைகளிலும் பொதுநோக்கு மண்டபங்களிலும் இத்தகைய படத்தை வாசகர்கள் கண்டிருப்பர். பின்னணியில் உதவி வழங்கியோரின் பெயர் பொறித்த பதாகை. அதன் முன்னே வரிசையாகப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஓர் ஆட்டுக்குட்டி. வரிசையின் இரு மருங்கிலும் வெள்ளுடை அணிந்த பெரியோர். 2009 மே மாதத்திற் போர் முடிவுற்று, மக்கள் தம் காணிகளுக்கு மீண்டதன் பின்னர், வாழ்வாதார உதவி என்னும் பெயரில் ஆடுகளும் கோழிகளும் வழங்கப்படலாயின. அவற்றோடு கூடவே, பிராணியைக் கையில் ஏந்திய பிள்ளையின் படம் என்பதும் நமது பிரதேசத்தின் ஒரு தனிப் புகைப்பட வகையாக வளர்ந்துவிட்டது.

இலக்கியம் பேசும் இதழில் இதனை விமர்சனத்திற்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். புகைப்படமும் ஒரு கூற்றேயாகும். யார் கூறுகிறார், யாரைப்பற்றிக் கூறுகிறார், யாருக்காகக் கூறுகிறார் என்னும் வினாக்கள் சிறுகதைக்குப் பொருந்துமாறே அதற்கும் பொருந்தும். கைத்தொலைபேசியில் கமரா புகுந்துவிட்ட இக்காலத்தில், நூல் படிப்போரிலும் படம் பார்ப்போர் பன்மடங்கினர். படிப்பதற்குப் பயிற்சி வேண்டுமென ஒப்புக்கொள்ளும் நாம், பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டுமென்பதை மறந்துவிடுகிறோம்.

அறிவித்தற் பலகையிலிருந்த அப்படத்தில் நான் இல்லை. ஆயினும் அதன் ஆக்கத்தில் எனக்குப் பங்குண்டு. பிள்ளைகளை உயர வரிசைப்படி நிறுத்தியவன் நானே. படம்பிடிக்க வந்த இளைஞர் "சிரியுங்கோ" என்று மூன்று முறை சொன்னார். நான்காம் முறை நான் சொன்னேன். ஆசிரியன் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தார்கள். இடப்புறமிருந்து மூன்றாவதாக நிற்பவள் அப்போது ஆறாந்தரத்திற் படித்த ஒரு சிறுமி. அவளுடைய உதடுகள் விரிந்திருக்கின்றன; கண்களோ அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கின்றன. விட்டுவிட வேண்டாமென்று சொல்லப்பட்டிருந்தமையால், குட்டியின் நெஞ்சுக்குக் கீழே விரல்களை ஒன்றோடொன்று கோத்து இறுக்கியிருக்கிறாள். குட்டியின் முன்னங்கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. காதுகள் பின்னோக்கிப் படிந்துள்ளன. கழுத்து படத்திற்கு வெளியே எங்கோ திரும்பியிருக்கிறது. அந்தப் படம் முழுவதிலும் உள்ளதை உள்ளவாறு கூறும் உயிர் அக்குட்டி ஒன்றேயாகும்.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டின் பின் எங்கள் தமிழ் மன்றம் பொங்கலையொட்டி, "பிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும்" என்ற பொருளில் மாணவர் எடுத்த படங்களின் கண்காட்சியொன்றை நடத்தியது. நடுவர் மூவருள் நானும் ஒருவன். வந்து சேர்ந்த படங்களுள் ஒன்று பத்தாந்தர மாணவன் ஒருவன் தமையனின் கைத்தொலைபேசியால் எடுத்தது. அதிலிருப்பவள் அதே சிறுமி, அவனுடைய தங்கை. நிற்பதும் அதே ஆடு, இப்போது தாயாகிவிட்டது. கொட்டிலின் கிடுகுச் சுவரின் இடைவெளிகளால் காலை வெயில் கீற்றுக் கீற்றாக விழுகிறது. சிறுமி குந்தியிருந்து, தாயாட்டின் பின்னங்கால் ஒன்றை முழங்கைக்குள் அணைத்துப் பிடித்திருக்கிறாள். மற்றக் கையால் குட்டியின் வாயை மடியோடு சேர்த்துவிடுகிறாள். நெற்றி சுருங்கியிருக்கிறது, கீழுதட்டைப் பற்கள் கவ்வியிருக்கின்றன. கமரா என்று ஒன்று அங்கு இருப்பதே அவள் நினைவில் இல்லை. அவளது ஒரு பாதம் படத்தின் விளிம்பில் வெட்டுண்டு போயிற்று. வெயில் விழும் இடங்கள் வெறும் வெள்ளையாகக் கரைந்துவிட்டன. குட்டியின் வால் இருந்த இடத்தில் வாலில்லை. ஒரு மங்கல் மட்டுமே உண்டு.

அந்த மங்கலைச் சுட்டிக்காட்டி முதற் சுற்றிலேயே அப்படத்தைக் கழித்தோம். நானும் இணங்கினேன். முதற் பரிசு, பூனைக்குட்டியைக் கன்னத்தோடு அணைத்துச் சிரிக்கும் குழந்தையின் தெளிவான படமொன்றுக்குப் போயிற்று. அது அழகிய படந்தான். ஆனால் அன்றிரவு விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்தபோது என் மனக்கண்ணில் வந்து நின்றது பூனைக்குட்டியன்று. அந்த மங்கிய வாலே. பால் குடிக்கும் ஆட்டுக்குட்டி வாலை எத்தனை விரைவாக ஆட்டும் என்பது ஆடு வளர்த்த வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாததன்று. வால் மங்கியதற்குக் காரணம் குட்டிக்குப் பால் கிடைத்துவிட்டது என்பதே! நாங்கள் குற்றமெனக் கண்டதுதான் அப்படத்தின் செய்தி.

மறுநாள் அம்மாணவனை அழைத்து வினாவினேன். அவன் சற்று அஞ்சியவனாகச் சொன்னான்:

"தலையீத்து ஆடு, சேர். குட்டியைக் கிட்ட விடேல்லை. தங்கச்சிதான் மூண்டு நாளாக் காலைப் பிடிச்சுப் பிடிச்சுப் பால் குடுத்தவள். மூண்டாம் நாள்தான் நான் படம் எடுத்தனான்."

"ஏன், முதல் நாளே எடுத்திருக்கலாமே?"

"முதல் ரெண்டு நாளும் நானும் சேந்து பிடிக்கவேண்டிக் கிடந்தது, சேர்."

தன்னியல்பான உருவப்படம் எவ்வாறு பிறக்கிறது என்பதுபற்றி நான் படித்தவை யாவற்றிலும் தெளிவான விடையாக இது எனக்குத் தோன்றியது. படம்பிடித்தவனின் கைகள் முதலில் வேலையில் இருந்தன. வேலை அவனை விடுவித்த பிறகே அவை கமராவை எடுத்தன.

"தன்னியல்பு" என்பதை நாம் பெரும்பாலும் விரைவு என்றே விளங்கிக்கொள்கிறோம். பிள்ளை அறியாத கணத்திற் சட்டெனப் பிடித்துவிட்டால் அது இயல்பான படமென எண்ணுகிறோம். இவ்வெண்ணம் கருவியின் வரலாற்றிலிருந்து வந்தது. 1839இல் டாகேரின் முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரு படத்திற்குப் பல நிமிடங்கள் அசையாதிருத்தல் வேண்டும். பிற்காலத்தில் அது சில விநாடிகளாகக் குறைந்தும், குழந்தைகள் அடங்கினாரல்லர். தாயைத் துணியால் மூடி நாற்காலிபோல் இருத்தி, அவள் மடியிற் குழந்தையை வைத்துப் படமெடுத்த ஐரோப்பிய நிலையங்களின் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. குழந்தையின் உருவத்தைப் பெறுவதற்காகத் தாயின் உருவத்தை மறைத்தார்கள்! 1878இல் கலிபோர்னியாவில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக வைத்த 12 கமராக்களால் ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தைவிட்டு எழும் கணத்தைக் காட்டினார். 1900இல் ஒரு டொலர் விலைக்கு வந்த பிரௌனி கமரா சிறுவர் கைக்கும் எட்டிற்று. 1925இல் லைக்கா சந்தைக்கு வந்து, கைக்கடக்கமான கருவியோடு தெருவில் இறங்கலாமென்ற நிலையை உண்டாக்கியது. அசைவைப் பிடிக்கும் தடை இவ்வாறு படிப்படியாக நீங்கியது. இன்று நம் சட்டைப்பையிலுள்ள கருவி ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்கிற் படமெடுக்கும். ஆயினும் பதாகையின் முன் நின்ற பன்னிரண்டு பிள்ளைகளும் டாகேர் காலத்துப் பிள்ளைகளைப் போலவே விறைத்து நின்றனர். அவர்களை விறைக்கச் செய்தது கருவியின் மந்தமன்று என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வாறாயின் மறைந்திருந்து எடுப்பதே வழியோ? பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரசோன் தம் லைக்காவின் பளபளக்கும் பாகங்களைக் கருநிற நாடாவால் மூடிக்கொண்டு தெருக்களில் உலவினார் என்பர். 1952இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலின் ஆங்கிலத் தலைப்பு "தீர்க்கமான கணம்" எனப் பொருள்படும். பிரெஞ்சுத் தலைப்போ கள்ளமாகவும் அவசரமாகவும் எடுத்த படங்கள் என்ற கருத்தை உடையது. அவர் மாபெரும் கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த இரண்டாவது தலைப்பின் வழியைப் பிள்ளைகள் விடயத்தில் நாம் பின்பற்றினால், பிள்ளை வேட்டைப்பொருளாகிவிடும். மேலும் விலங்கோடுள்ள பிள்ளையை நோக்குமிடத்து, அவ்வழி பயன்படுவதுமில்லை. ஆட்டின் கண்மணி கிடையாக நீண்டது; தலையைத் திருப்பாமலே முந்நூறு பாகைக்கும் மேற்பட்ட பரப்பை அது பார்க்கவல்லது. பின்புறமாகப் பதுங்கி வருபவனைப் பிள்ளை காணாதிருக்கலாம், ஆடு கண்டுவிடும். ஆடு கண்டதும் காது நிமிரும். அது கண்டு பிள்ளையும் திரும்பும். ஆகவே ஆட்டினிடம் அனுமதி பெறாத எவரும் அதனோடிருக்கும் பிள்ளையின் இயல்பான முகத்தைப் பெறவியலாது. பிராணி படத்தின் அலங்காரம் என நினைப்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். நடிக்கத் தெரியாத அவ்வுயிர்தான் படத்தின் நேர்மைக்குக் காவல்.

நமது பண்டை இலக்கணகாரர் இச்சிக்கலை அறியாதவரல்லர். தொல்காப்பியப் பொருளதிகாரம் விலங்கைக் கருப்பொருளுள் வைக்கிறது. அஃது அழகுக்காகச் செருகப்படுவதன்று; நிலத்தையும் தொழிலையும் காட்டி, அவற்றின்வழி உரிப்பொருளை உணர்த்துவது. மெய்ப்பாட்டியலோ, உள்ளத்து நிகழ்வது சொல்லின்றியே உடலில் வெளிப்படும் தன்மையை ஆராய்கிறது. கண்ணாலும் செவியாலும் நுண்ணிதின் உணர்வார்க்கன்றி மெய்ப்பாட்டின் நயம் புலப்படாதென்று தொல்காப்பியர் எச்சரிக்கவும் செய்கிறார். தன்னியல்பான உருவப்படம் என்று இன்று நாம் பேசுவது மெய்ப்பாடன்றி வேறெது?

எண்வகை மெய்ப்பாடுகளுள் இரண்டினை ஈண்டு எடுத்து நோக்குவோம். இளிவரல் என்பது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கின் காரணமாகத் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. மென்மையை எளிமை, வறுமை என உரைகாரர் வழிநின்று கொள்ளலாம். பெருமிதம் என்பது கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கின் காரணமாகத் தோன்றும். இப்போது பலகைப் படத்தைப் பாருங்கள். அதிலும் பெருமிதம் உண்டு. கொடையாற் பிறந்த பெருமிதம், வரிசையின் இரு மருங்கிலும் வெள்ளுடையில் நிற்கிறது. நடுவில் நிற்கும் பிள்ளைகளுக்கு எஞ்சியது இளிவரல். ஒருவரின் பெருமிதத்திற்கு மற்றொருவரின் இளிவரல் சான்றாக வைக்கப்பட்ட படம் அது. கொட்டிற் படத்திலோ பெருமிதம் அச்சிறுமிக்கே உரியது. அது கல்வியாற் பிறந்தது. தலையீத்து ஆட்டின் எந்தக் காலை எவ்வாறு பிடித்தால் அது உதையாது, குட்டியின் வாயை எங்கு சேர்க்கவேண்டும் என்பவை அவள் கற்றவை. எங்கள் வகுப்பறையில் அல்ல, ஐந்து மாதச் சினைக் காலம் முழுவதும் குழை ஒடித்துப்போட்டு அவளே கற்ற கல்வி அது. வறுமை இரு படங்களிலும் ஒன்றே. சட்டை இரு படங்களிலும் அழுக்கே. ஆனால் ஒன்றில் அவள் பெற்றவள், மற்றொன்றில் அறிந்தவள்.

இங்கு ஒரு தெளிவு தேவை. நிறுத்திவைத்து எடுப்பதெல்லாம் பொய், நிறுத்தாமல் எடுப்பதெல்லாம் மெய் என நான் கூறவரவில்லை. அமெரிக்கரான லூயிஸ் ஹைன் நியூயோர்க்கில் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1908 முதல் தேசிய சிறுவர் தொழிலாளர் குழுவுக்காகச் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் சென்று தொழில்புரியும் சிறுவரைப் படமெடுத்தார். நிலக்கரிச் சுரங்கத்தின் இருளில், கோவேறு கழுதைகளை ஓட்டிய சிறுவரும், கழுதைகள் இழுக்கும் வண்டிகளுக்குக் கதவு திறந்துவிட்ட சிறுவரும் அவர் கமராவின் முன் நின்றனர். பெருங்கருவியும் மக்னீசியத் தூளின் வெடிப்பொளியும் கொண்டு எடுத்த படங்களாதலின் அவர்கள் அசையாது நின்றே ஆகவேண்டும். ஆயினும் அப்படங்களில் இளிவரல் இல்லை. சிறுவர் நேருக்கு நேர் நம்மைப் பார்க்கின்றனர். ஹைன் அவர்களிடம் பெயரும் வயதும் எத்தனை மணிநேர வேலை என்பதும் கேட்டு எழுதிக்கொண்டார். அவர்களின் உயரத்தைத் தம் மேற்சட்டையின் பொத்தான்களால் அளந்தறிந்தார் என்பர். படத்தின் கீழ் அவ்விவரங்கள் நின்றன. அச்சிறுவர் ஹைனுக்கு நன்றி செலுத்தவேண்டியவராக நிற்கவில்லை; சாட்சி கூறுபவராக நின்றனர். சிறுவர் தொழிலைக் கட்டுப்படுத்திய 1916ஆம் ஆண்டுச் சட்டத்தை உயர்நீதிமன்றம் 1918இல் செல்லாதாக்கியது. 1938இலேயே நிலையான கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அந்நெடிய போராட்டத்தில் அப்படங்களுக்கும் ஒரு பங்குண்டு.

மற்றொரு சான்று நமது அயலிலிருந்து. சத்தியஜித் ராயின் "பதேர் பாஞ்சாலி" 1955இல் வெளிவந்தது. மிட்டாய்க்காரன் காவடித்தடியோடு முன்னே செல்ல, துர்காவும் அப்புவும் பின்னே செல்ல, அவர்களுக்குப் பின்னே ஒரு நாய் செல்லும் காட்சியைக் கண்டவர் மறவார். குளத்து நீரில் அவர்கள் நிழல் விழும் அக்காட்சியை விடத் தன்னியல்பானது எது? ஆனால் அந்நாய் தானாகப் பின்தொடரவில்லை. துர்காவாக நடித்த சிறுமி கையிற் சந்தேஷ் இனிப்பை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டு நடந்தாளென ராய் எழுதியுள்ளார். இது ஏமாற்றா? நாயின் இயல்பை அறிந்து, அவ்வியல்பின்படியே அதனை நடக்கவிட்ட செய்கை இது. நாயும் தான் விரும்பியதையே செய்தது. ஆட்டுக்குட்டியின் கால்கள் அந்தரத்தில் தொங்கியதற்கும் இதற்குமுள்ள வேறுபாடு வெளிப்படை. இயல்பைத் தூண்டுவது கலை. இயல்பை இறுக்கிப் பிடிப்பது அதிகாரம்.

இனி, எதிர்ப்புறத்திலிருந்து வரும் ஓர் ஆபத்தையும் கூறவேண்டும். இளிவரலை வெறுக்கும் பலர் இனிமையிற் சரணடைகின்றனர். ரஷ்யாவின் எலேனா ஷுமிலோவா, தம் குடும்பப் பண்ணையில் தம் புதல்வர்களை நாய், பூனை, முயல் முதலியவற்றோடு எடுத்த படங்கள் 2014ஆம் ஆண்டளவில் இணையத்தின்வழி உலகெங்கும் பரவின. ஒளியை அறிந்த கலைஞர் அவர், பிள்ளைகளுக்குத் தாயுமாவார். அப்படங்களில் அன்பு உண்டு. குறை, அவற்றைப் பார்த்து எழுந்த நாட்காட்டிப் படங்களிலும் போட்டிப் படங்களிலும் உள்ளது. அங்கே பொன்னிற மாலையொளி மாத்திரம் எஞ்சுகிறது. பிராணி உண்பதுமில்லை, ஈனுவதுமில்லை, விற்கப்படுவதுமில்லை. பிள்ளைக்கும் அதற்குமிடையே வேலை என ஒன்று இல்லை. 1955இல் நியூயோர்க்கின் நவீன கலைக் காட்சியகத்தில் எட்வேர்ட் ஸ்ரைக்கன் 68 நாடுகளிலிருந்து 503 படங்களைத் திரட்டி "மனிதக் குடும்பம்" என்ற கண்காட்சியை அமைத்தார். பிறப்பும் உழைப்பும் இறப்பும் எங்கும் ஒன்றே என்பது அதன் செய்தி. எங்கும் ஒன்றெனச் சொல்லிவிட்டால், ஓரிடத்தில் ஏன் குழந்தைகள் கூடுதலாக இறக்கின்றன என்ற வினாவை வரலாற்றிடம் கேட்க வழியில்லாது போகிறதென்னும் கருத்தில் ரோலன் பார்த் அதனைக் கண்டித்தார். அக்கட்டுரை 1957இல் வெளியான அவர் நூலில் உள்ளது. எங்கள் முதற் பரிசும் இத்தகையதே. கன்னத்தோடு அணைத்த பூனைக்குட்டி எந்த ஊரிலும் இருக்கலாம். ஆட்டின் காலை அணைத்த முழங்கை ஓர் ஊருக்கும், ஒரு வீட்டுக்கும், ஒரு காலைப்பொழுதுக்கும் உரியது.

இவற்றைக் கூறியபின், அடுத்த கண்காட்சிக்குப் படமெடுக்க விரும்பும் மாணவர்க்கு நான் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருப்பனவற்றையும் குறிப்பிடுதல் தகும். பிராணிக்குத் தீன் வைக்கும் வேளையிலோ, அவிழ்த்துக் கட்டும் வேளையிலோ செல்லுங்கள். அப்போது பிள்ளைக்கு வேலையிருக்கும், உங்களைப் பார்க்க நேரமிராது. முதல் நாள் கமராவை எடாதீர்கள். பிராணி உங்களை மணந்து பார்த்து மறந்துவிடட்டும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் பிள்ளையும் ஆடும் சிறுமைப்படும். பிள்ளையின் கண்மட்டத்திற்குக் குந்துங்கள். காலை வெயில் சரிந்து விழும் வேளையிற் கொட்டிலின் வாசலருகே ஒளி மென்மையாக இருக்கும். திடீர் ஒளிவிளக்கு வேண்டாம், பிராணி வெருளும். அசைவைத் தெளிவாகப் பெற விரும்பினால், கருவி இடங்கொடுப்பின் விநாடியின் இருநூற்றைம்பதிலொரு பங்கோ ஐந்நூற்றிலொரு பங்கோ வையுங்கள். ஆனால் ஆடும் வால் மங்கலாகத்தான் மெய்யாகும் என்று தோன்றினால் அவ்வாறே விடுங்கள். "சிரி" என்ற சொல்லை ஒருபோதும் சொல்லாதீர்கள். எடுத்த படத்தை முதலில் அப்பிள்ளைக்குக் காட்டுங்கள். வேண்டாமென்றால் அழித்துவிடுங்கள்.

இவற்றுள் கடைசி இரண்டும் நுட்பம் பற்றியன அல்ல என்பதை வாசகர் உணர்ந்திருப்பர். ஆயினும் மற்றையவெல்லாம் இவ்விரண்டின்மேலேயே நிற்கின்றன.

என்னோடு பணியாற்றும் நண்பரொருவர் இக்கருத்துகளைக் கேட்டு ஒரு தடை எழுப்பினார். படமின்றி உதவி வராது. தூரதேசத்திலிருந்து உழைத்து அனுப்புபவன் தன் பணம் எங்கு சென்றதென அறிய விரும்புவது நியாயமே. உங்கள் அழகியலுக்காகப் பிள்ளைகளின் ஆட்டை நிறுத்திவிடுவீரா என்று கேட்டார். இத்தடையை நான் இலேசாக எண்ணவில்லை. அந்த ஆடு அவ்வீட்டிற்கு வந்தபடியாலேதான் இன்று குட்டியும் பாலும் உண்டு. கொடுத்தோரின் மனமும் பெரும்பாலும் நல்லமனமே. ஆனால் கணக்குக் காட்டுவதற்குக் கையொப்பம் உண்டு, பற்றுச்சீட்டு உண்டு, ஆட்டின் காதிலிடும் இலக்கத்தகடு உண்டு, வேண்டுமாயின் கொட்டிலில் நிற்கும் ஆட்டின் படமும் உண்டு. பிள்ளையின் முகம் பற்றுச்சீட்டாதல் வேண்டியதில்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம் பிள்ளையின் அந்தரங்கத்தையும், தன்னைப் பாதிக்கும் விடயங்களில் தன் கருத்தைச் சொல்லும் உரிமையையும் பேசுகிறது. அதை நாங்கள் குடியியற் பாடத்திற் கற்பிக்கிறோம்; அலுவலகச் சுவரில் மறந்துவிடுகிறோம்.

கண்காட்சி முடிந்தபின் அச்சிறுமியிடம் கொட்டிற் படத்தைப் பெரிதாக்கி வகுப்பறையில் வைக்கலாமா என்று கேட்டேன். தலையசைத்தாள். சற்று நின்று, பிறகு கேட்டாள்:

"சேர், ஒப்பீசில இருக்கிற மற்றப் படத்தை எடுத்துவிடுவீங்களோ? அதில என்ர சட்டை ஊத்தை."

"இதிலும் ஊத்தைதானே, பிள்ளை?"

"இது வேலை செய்யேக்க, சேர்."

இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் அவள் அப்பலகையைக் கடந்தே வகுப்புக்கு வந்திருக்கிறாள். நானும் கடந்தே வந்திருக்கிறேன். அவள் கண்டதை நான் காணவில்லை. மெய்ப்பாட்டியலைப் பல்கலைக்கழகத்திற் கற்று, அதையே உயர்தர வகுப்புக்குக் கற்பித்தும் வருபவன் நான்.

அதிபரிடம் கேட்டுப் படத்தை இறக்கினோம். பலகையில் நான்கு குண்டூசித் துளைகள் எஞ்சின. ஆனால் அது எங்கெங்கோ அறிக்கைகளிலும் இணையப் பக்கங்களிலும் பதாகையோடும் பெயரோடும் இருக்கிறது; அங்கிருந்து இறக்க எங்களால் இயலவில்லை. அவள் வளர்ந்து பெரியவளாகித் தன் பெயரைத் தேடினாலும், "சிரி" என்று நான் சொல்லக்கேட்டு விரிந்த அந்த உதடுகளே முதலில் எதிர்ப்படக்கூடும்.

நம்மிடையே கதையெழுதுவோரும் படமெடுப்போரும் ஏழைப் பிள்ளையின் முகத்தை நாடிச் செல்வது நல்லதே. அம்முகம் கலையில் இடம்பெறவேண்டியதுதான். ஆனால் நாடிச் செல்பவர் முதலில் ஆட்டின் காலைப் பிடிக்கச் சித்தமாயிருத்தல் வேண்டும். இரண்டு நாள் பிடித்தவனுக்கு மூன்றாம் நாள் அம்முகம் தானே கிட்டும். அப்போது அது யாருக்கும் கடன்பட்டதாயிராது.